அளவெடுத்துத் தைத்த படகு

ஏழாவது கம்பி முறுக்கியிருந்தது.

அவள் முறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனபோது படகின் இடப்பக்கத் தையலில் இருந்த முப்பத்தொரு செம்புக் கம்பிகளும் தொளதொளவென்றுதான் தொங்கின. பலகைகளைத் தைத்துப் படகாக்கும்போது அப்படித்தான் விடவேண்டும். இரண்டு பலகைகளின் ஓரத்திலும் எதிரெதிராகத் துளை போட்டு, கம்பியைக் கோத்து, இரு நுனிகளையும் வெளிப்பக்கம் லேசாகச் சுற்றிவிட வேண்டும். எல்லாப் பலகைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்ற பிறகுதான் குறடை எடுக்கலாம். அவசரப்பட்டு ஒன்றை மட்டும் இறுக்கினால், ஒரு பக்கம் மட்டும் டாட் மடிப்புப் பிடித்த ரவிக்கைபோல மொத்தமும் கோணிக்கொள்ளும்.

ஏழாவது கம்பி நன்றாக இறுகியிருந்தது. குறடின் பல் பட்ட தடம் இல்லை. அதைவிட, முறுக்கு உள்பக்கம் இருந்தது. படகுக்குள் உட்கார்ந்துகொண்டு யாரும் முறுக்குவதில்லை.

"அண்ணா, நீ இதத் தொட்டியா?"

அண்ணன் சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒயர்மேன். படகுக்கான கம்பியெல்லாம் அவன் பழைய ஒயர்களைச் சீவி எடுத்து வந்ததுதான்.

"சோத்துல கை வெச்சா வேற எதுலயும் வெக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் கம்பியைத் தளர்த்திவிட்டாள். அது ஜில்லென்றிருந்தது.

அவள் கணவர் காணாமல் போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. நீர்த்தேக்கத்தின் நடுவே நிற்கும் அளவுத் தூணில் நீர்மட்டம் பார்த்து எழுதி வருவது அவர் வேலை. திங்கட்கிழமைதோறும் இலாகா படகில் போவார். கடைசித் திங்களன்று படகு மட்டும் கரைக்கு வந்தது. பன்னிரண்டு நாள் ஆட்கள் முங்கித் தேடினார்கள். பிறகு, தேடுதல் நிறுத்தப்படுகிறது என்று ஒரு கடிதம் வந்தது. தூணுக்கு அப்பால் ஒரு திட்டு இருக்கிறது, மொட்டை மரங்களும் பாறையுமாக. அங்கே யாருமே போய்ப் பார்க்கவில்லை. பாறை இடிக்கும் என்றார்கள். படகு வைத்திருந்தவர்கள் அனுமதி இல்லை என்று கையை விரித்தார்கள். கால் உடைந்து அங்கே கிடக்கிறாரோ? மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கரையைப் பார்த்துக்கொண்டு?

அதனால்தான் தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கூடத்தில் அவளே படகு கட்ட ஆரம்பித்தாள். பலகைக் கடையில் கட்டிலுக்கா அலமாரிக்கா என்று கேட்டதற்கு "ரெண்டுக்கும்" என்றாள்.

அவளுக்கு அது அந்நியமான வேலையாகத் தெரியவில்லை. துணி தட்டையானது, உடம்பு வளைவானது. ஓரத்தை வளைத்து வெட்டி, வளைந்த ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் தட்டைத் துணி உடம்பின் வடிவுக்கு எழுந்து நிற்கும். ஒட்டுப்பலகையும் அப்படியே. அடிக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒவ்வொன்று. நாலு பலகை, மூன்று தையல். நடுவே முதுகெலும்பு மாதிரி ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று. அளவுதான் தெரியவில்லை. தன் அளவு நோட்டைப் பிரித்தாள். அவர் பக்கம் இருந்தது. உயரம், தோள், மார்பு, இடுப்பு. திரும்பி வரும்போது அவர் படுத்துக்கொண்டுதான் வருவார் என்று தோன்றியது. எந்த நிலையில் என்று அவள் யோசிக்கவில்லை. அவர் அளவுக்கே வெட்டினாள், சட்டைக்கு விடுவதுபோலக் கொஞ்சம் லூஸ் விட்டு.

"ஏம்மா, படகுக்கு எடைதான் கணக்கு" என்றான் அண்ணன். "நீ மாப்பிள்ளைக்குச் சட்டை வெட்டி வெச்சிருக்க. காலர் எங்க?"

"எனக்கு வேற விதமா வெட்டத் தெரியாது."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அவர் காணாமல் போன பிறகு முதல் சிரிப்பு. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் பிசின் வேலை. ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு. கலந்த சில நிமிடங்களில் கிண்ணம் தானாகச் சூடாகும். அடுப்பு இல்லாமலே உள்ளங்கை சுடும். அதில் மரத்தூளைப் போட்டுக் களிமண்போலப் பிசைந்து, இரண்டு பலகைகள் சேரும் உள்மூலையில் அப்பி, கரண்டியின் முதுகால் வழித்துவிட வேண்டும். இதுதான் படகை நிரந்தரமாகப் பிடிக்கப்போவது. கம்பி வெறும் ஓட்டுத்தையல். பிசின் காய்ந்ததும் வெட்டி உருவிவிடலாம்.

நடுத்தையலில் பாதிதான் முடிந்தது. அன்று கலந்த பிசின் தீர்ந்துவிட்டது. அடுத்த நாள் காலை மிச்சமிருந்த பாதியும் அப்பி முடிந்திருந்தது.

கரண்டியால் அல்ல. கட்டைவிரலால். பதமாக, ஒரே அழுத்தத்தில், வால் முனையிலிருந்து தலை முனைவரை வழித்த தடம். அந்தத் தடத்தின் நடுவே நூல் மாதிரி ஒரு கோடு, ஓரிடத்திலும் அறுபடாமல் ஓடியது. கல்யாணமான வருஷம் அவளுடைய கத்தரி பட்டு அவருக்குக் கட்டைவிரலில் ஒரு வெட்டு விழுந்தது. ஆறியும் பள்ளமாகவே நின்றுவிட்ட வெட்டு. அவள் தன் கட்டைவிரலை அந்தக் கோட்டில் வைத்தாள். காயும் பிசின் வெதுவெதுப்பாக இருக்கும், ஈரம் பட்டால் கெட்டிப்படாது. இது ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. கல்லாக இறுகியும் இருந்தது.

அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. அன்று முழுவதும் அவளுக்குக் கை ஓடியது.

பிறகு தண்ணீர் வந்தது. தினமும் படகின் அடியில் ஒரு டம்ளர் அளவு. படகு நின்றதோ கூடத்தில், கான்கிரீட் கூரைக்குக் கீழே, இரண்டு ஸ்டூல்கள்மேல். பாசியும் சேறும் கலந்த அந்த வாசனை அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமைச் சட்டைகளை அலசும்போது வருவது. துணியால் ஒற்றியெடுத்து வாளியில் பிழிந்தாள். வாளியைக் கொட்ட மனம் வரவில்லை. மூடி போட்டு வைத்தாள்.

ஐந்தாம் நாள் அண்ணன் மூடியைத் திறந்து பார்த்தான். பிறகு படகுக்குள் குனிந்தான். அந்தக் கோட்டைப் பார்த்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"இத எப்ப பண்ணின?"

"நான் பண்ணல."

"அவர் வர்றதா இருந்தா வாசல் வழியா வரட்டும்மா. இப்படி வேணாம். இத இப்பவே உடைச்சுடலாம்."

"நீ தொட்டுத்தான் பாரேன்." அவள் கையில் கத்தரி இருந்ததை அவளே அப்போதுதான் கவனித்தாள். கீழே வைத்தாள். "ரெண்டே நாள்ணா. திட்டு வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சுடும். தெரியாம நான் எப்படி சோறு திங்கறது, எப்படித் தூங்கறது, சொல்லு."

அவன் தலைமுனைப் பக்கம் போய் நின்றான். கம்பிகளையெல்லாம் உருவியாகிவிட்டது. இனி படகைக் கவிழ்த்து, வெளித்தையல்மேல் ஃபைபர் துணி ஒட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு கையால் தூக்கக்கூடிய படகு. அன்றைக்கு இருவரும் இரண்டு கையாலும் பிடித்து மூச்சடக்கித் தூக்க வேண்டியிருந்தது.

"உள்ள என்ன வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல. பாரேன்."

ஒன்றுமில்லை. காலையில் ஊறிய தண்ணீர் மட்டும் மினுங்கியது. ஒருக்களித்து, சாய்த்து, கவிழ்த்து ஸ்டூல்கள்மேல் வைத்தார்கள்.

தண்ணீர் கொட்டவில்லை. ஒரு சொட்டுக்கூட.

அண்ணன் விளிம்புக்கு அடியில் கையை நீட்டி மேலே துழாவினான். சட்டென்று இழுத்துக்கொண்டான். குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டான், மறுபடியும் போட்டான். வாசலில் இருந்தபடியே கத்தினான்.

"நான் வண்டிய எடுத்துட்டு வரேன். நீ வெளிய வந்து நில்லு. இப்பவே வாம்மா!"

அவள் கதவைத் தாழிட்டாள்.

துணி ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. கம்பி உருவிய துளைகள் எல்லாம் அடைபட்டால்தான் படகு மிதக்கும். மயிரளவு துளை கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சத்துக்குத் தெரியும். ஜன்னல்களைச் சாத்தி இருட்டாக்கி, கவிழ்த்த படகுக்கு அடியில் விளக்கை வைத்தால், ஓட்டை இருக்கும் இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக ஒளிரும். பொட்டின்மேல் பிசின் வைத்தால் அணையும். எல்லாம் அணைந்தால் படகு தயார்.

பகல் மூன்று மணி. ஜன்னல்களைச் சாத்தினாள். இடுக்குகளில் போர்வையைச் செருகினாள். டேபிள் லாம்பைப் படகின் அடியில் தரையில் வைத்துப் போட்டாள்.

மூன்று வரிசை. நடுவில் ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று. தொண்ணூற்றுச் சொச்சம் பொட்டுகள், தலைமுனையிலிருந்து வால்முனைவரை, அவள் போட்ட தையலின் அதே இடைவெளியில். ரொம்ப அழகாக இருந்தது. வால்முனையில் உட்கார்ந்து பிசினைத் தொட்டு வைக்க ஆரம்பித்தாள். ஒன்று அணைந்தது. இரண்டு. மூன்று. வெளியே எங்கோ வண்டிச் சத்தம். பாசி வாசனை. ஸ்டூலின் கால் லேசாக முனகியது.

நான்காவதை வைக்கும்போது தலைமுனையில் ஒரு பொட்டு அணைந்தது.

அவள் கை அங்கே இல்லை.

குனிந்து பார்த்தாள். விளக்கு தரையில் அசையாமல் எரிந்தது. விளிம்புக்கு அடியில் வெளிச்சம் வட்டமாகக் கிடந்தது. நிமிர்ந்தாள். இன்னொரு பொட்டு. அதற்கடுத்தது. நடுவரிசை வரிசையாக அணைந்துகொண்டு அவளை நோக்கி வந்தது. தோள் வரவேண்டிய இடத்தில் இருபக்க வரிசைகளும் அணைந்தன. இடுப்பில் இரண்டும் மறுபடி எரிந்தன, நடு மட்டும் இருட்டு. டேப் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்த அளவுகளை எழுதியது அவள் கைதான்.

இருட்டு கால்வரை வந்தது. நின்றது.

படகில் படுப்பதுபோல அது படுத்திருந்தது. படகு கவிழ்ந்திருந்தது அதற்கு ஒரு பொருட்டாக இல்லை.

வாசலில் வண்டி நின்றது. கதவு இடிபட்டது. "ஏம்மா! திற! திறன்னு சொல்றேன்!"

திட்டில் அவரைக் கண்டதும் கூப்பிட வைத்திருந்த ஒரு வார்த்தை மட்டும் அவள் வாயில் வந்தது.

"என்னங்க?"

பிறகு பலகை கிறீச்சிட்டது. ஸ்டூல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிலைத்தன. இருட்டு மெதுவாகப் புரண்டது. தூக்கம் கலைந்தவர் புரள்வதுபோல. வலவரிசை முழுக்க அணைந்தது. நடுவரிசை எரிந்தது. இடவரிசை எரிந்தது, தலையிலிருந்து கால்வரை, ஒன்று விடாமல். இன்னொருவர் படுக்கும் அளவு இடம்.

"ஏம்மா!"

அவள் பக்கத்து விளிம்பு ஸ்டூலைவிட்டு எழும்பியது. ஒரு விரற்கடை. ஒரு சாண். வெளிச்சம் அவள் பாதங்களில் விழுந்தது. பக்கத்தில் படுக்க வருகிறவளுக்காகப் போர்வையைத் தூக்கிப் பிடித்ததுபோல, விளிம்பு தூக்கியபடியே நின்றது.