நெய் சிந்திய பாறை

தனக்கொடி அதுவரை ஏறிய மிக உயரமான இடம் பாகூர் ஏரிக்கரை. அதிலும் பாதி தூரம் கையை ஊன்றித்தான் ஏறுவாள்.

அப்படிப்பட்டவளைத் திருவண்ணாமலை உச்சிக்கு அனுப்பினாள் அம்மா. கையில் ஒரு செம்பு நெய்யும் கொடுத்தாள்.

எல்லாம் பசுமாடு செவலையால் வந்த வினை. அது கோமாரி வந்து படுத்தபோது, "செவலை எழுந்து நின்னா, அதோட நெய்ய எம்பொண்ணு கையால மலைமேல கொண்டுபோய் ஊத்தச் சொல்றேன்" என்று அம்மா வேண்டிக்கொண்டாள். செவலை எழுந்து நின்றுவிட்டது. இப்போது தனக்கொடியின் கால்தான் நடுங்கியது.

"ஏம்மா, உன் கையாலயே ஊத்தறேன்னு வேண்டிக்கினு இருக்கக் கூடாதா?"

"வேண்டினது வேண்டினதுதான். ஒரு சொட்டு குறையாம கொண்டுபோய்ச் சேக்கணும். புரிஞ்சிதா?"

தாய்மாமா சுப்புராயன் வண்டி பூட்டினார். அடுத்த வீட்டுப் பச்சையப்பனும் எதிர்வீட்டு அமுதமும் அடம்பிடித்து ஏறிக்கொண்டார்கள். பச்சையப்பனுக்குப் பன்னிரண்டு வயது. தனக்கொடியைவிட ஒரு வயது மூத்தவன் என்பதை ஒரு நாளைக்கு நாலு முறை ஞாபகப்படுத்துவான். அமுதத்துக்கு ஒன்பது. அவள் மடியில் எப்போதும் ஏதாவது தின்பண்டம் இருக்கும். இந்த முறை கார்த்திகைப் பொரி உருண்டை.

"உச்சியில நின்னா நம்ம ஏரி தெரியும். அதுக்கு அப்பால கடல் தெரியும். கடல்ல போற பிரெஞ்சுக் கப்பல்கூடத் தெரியும்" என்றான் பச்சையப்பன்.

"நீ பாத்திருக்கியா?"

"இனிமேதான பாக்கப்போறேன்!"

மடுகரையைத் தாண்டியதும் பிரெஞ்சுக்காரன் எல்லை முடிந்தது. இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். வரி கட்டாமல் யாராவது பட்டோ தீப்பெட்டியோ கடத்துகிறார்களா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. முறுக்கு மீசைச் சேவகன் ஒருவன் வைக்கோலைக் கிளறினான். பிறகு செம்பைப் பார்த்தான்.

"உள்ள இன்னா ஒளிச்சி வச்சிருக்க, பாப்பா?"

"நெய்யிங்க. திருவண்ணாமலை சாமிக்கு."

நெய்க்குள் விட்டுப் பார்க்க அவன் ஒரு ஈர்க்குச்சியை எடுத்தான். தனக்கொடி செம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "குச்சியக் கழுவிட்டு வுடுங்க!" என்றாள். சேவகன் சிரித்துவிட்டான். குச்சியைத் தூக்கிப் போட்டான். "போ, போ. வரும்போது மலைமேல இன்னா பாத்தேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவணும்" என்றான்.

வண்டியில் கொஞ்ச தூரம், நடந்து கொஞ்ச தூரம் என்று நான்கு நாள் போனார்கள். மூன்றாம் நாள் காலையில் வானத்தின் ஓரத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. அப்போது அது ஒரு பூசணிக்காய் அளவுதான் இருந்தது. மத்தியானம் வைக்கோல் போர் அளவு ஆயிற்று. மறுநாள் பார்த்தால் வானத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டு நின்றது. தனக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பங்கையும் அமுதமே சாப்பிட்டாள்.

அன்று மாலை உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்டது. கீழிருந்து கும்பிட்டுவிட்டுச் சத்திரத்தில் படுத்தார்கள். மறுநாள் விடிந்ததும் மலை ஏறத் தொடங்கினார்கள்.

நெய்ச் செம்பின் வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, அதைத் துணியில் சுற்றித் தனக்கொடியின் முதுகில் கட்டிவிட்டார் மாமா. "பாதைய வுட்டு எங்கயும் போவக் கூடாது. நான் மெதுவாத்தான் வருவேன்" என்றார். மாமாவுக்குத் தொந்தி பெரியது. ஐம்பது அடிக்கு ஒரு முறை உட்கார்ந்துவிடுவார்.

பாதை என்று சொன்னாலும், அது பாறைக்கு மேல் பாறைதான். முந்தின நாள் ஆயிரக்கணக்கான பேர் குடத்திலும் செம்பிலும் நெய்யைச் சுமந்து அதன் வழியாகத்தான் ஏறியிருந்தார்கள். போகும் வழியெல்லாம் சிந்தியிருந்தார்கள். தனக்கொடி இரண்டு முறை சறுக்கினாள். அதற்குப் பிறகு அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. காலடியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்தாள்.

"தரையில இன்னாடி தேடுற? காதுத் தோடு தொலஞ்சிபோச்சா?" என்று மேலே இருந்து கத்தினான் பச்சையப்பன்.

"நீ உன் வேலையப் பாரு!"

வெகுநேரம் ஏறிய பிறகு, பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைந்தது. பச்சையப்பன் நின்றான். "இத சுத்திப் போவணுமா? இப்படி நேரா ஏறுனா மாமாவுக்கு முன்னாடி உச்சிக்குப் போயிடலாம்."

"மாமா வேணாம்னு சொன்னாரு."

"மாமா தொந்தியத் தூக்கிக்கினு வரதுக்குள்ள பொழுது போயிடும். வா அமுதம்!"

இரண்டு பேரும் பாறை இடுக்கில் நுழைந்து மறைந்தார்கள். தனக்கொடி திரும்பிப் பார்த்தாள். மாமா கீழே வளைவில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். அமுதத்தை மட்டுமாவது இழுத்து வந்துவிடலாம் என்று தனக்கொடியும் இடுக்கில் நுழைந்தாள்.

அவள் அமுதத்தின் கையைப் பிடித்த நேரத்தில்தான் மேகம் வந்தது.

சத்தமே இல்லை. கீழிருந்து வெள்ளையாக ஏறி வந்தது. முதலில் ஊர் மறைந்தது. பிறகு எதிரே இருந்த மரம். பிறகு பச்சையப்பனின் கால், அடுத்தபடியாக அவனே. நீட்டிய கையின் விரல்கள்கூட மங்கலாகத்தான் தெரிந்தன. ஈரக் காற்று சட்டைக்குள் புகுந்தது.

"பச்சை! எங்கடா இருக்க?"

"தோ... இங்கதான்." அவன் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"வந்த வழியா திரும்பலாம் வா."

"வந்த வழி எது?"

மூன்று பேரும் இரண்டு மூன்று முறை திரும்பியிருந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது மாமாவின் குரல் கேட்டது. "தனக்கொடீ...!"

"வலது பக்கம்!" என்றான் பச்சையப்பன்.

"தனக்கொடீ...!" இப்போது அது இடது பக்கத்திலிருந்து வந்தது. மூன்றாவது முறை காலுக்குக் கீழேயிருந்து வந்ததுபோல் இருந்தது. குரல் பாறைக்குப் பாறை மோதிச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம்தான்! எனக்குத் தெரியும்!" பச்சையப்பன் சட்டென்று நடந்தான்.

அவன் தோளில் குறுக்காக முடிந்திருந்த துண்டின் முனை தனக்கொடியின் கையில் பட்டது. அவள் அதைப் பற்றி இழுத்தாள். அவன் தடுமாறிப் பின்பக்கமாக விழுந்தான். அவன் கால் பட்டு ஒரு கல் உருண்டது.

மூவரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ அடியில், மிகத் தொலைவில், 'டக்' என்றது.

பச்சையப்பன் கால் வைக்கப் போன இடத்தில் தரையே இல்லை.

அவன் பாறையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். அவன் உடம்பு உதறியது. விசும்பும் சத்தம் வந்தது.

"தனக்கொடி, பச்சை அழுவுறான்டி" என்றாள் அமுதம்.

"அழுவல. மேகம் மூஞ்சில வுழுந்திருக்கு. எம்மூஞ்சியும்தான் நனஞ்சிபோச்சு" என்றாள் தனக்கொடி.

அவள் பல்லும் கிட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பயப்படுவது அவளுக்குப் புதிது இல்லை. நான்கு நாளாக அவள் அதை மட்டும்தான் செய்துகொண்டிருந்தாள்.

"யாரும் நிக்கக் கூடாது. அப்படியே உக்காருங்க" என்றாள்.

"நாம செத்துப்போனா பொரி உருண்டையெல்லாம் இன்னாவும்?" என்று கேட்டாள் அமுதம். அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"செத்தெல்லாம் போவமாட்டோம். ஒண்ணு தின்னு. பச்சைக்கும் ஒண்ணு குடு."

அமுதம் மென்ற சத்தம் கேட்டது. அது கேட்கக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் தூறல் விழத் தொடங்கிவிட்டது. இப்படியே உட்கார்ந்திருந்தால் அமுதம் குளிரில் விறைத்துவிடுவாள். மேகம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

தனக்கொடி காலடியைப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பாறை சொரசொரவென்று இருந்தது. அவள் கையால் தடவிப் பார்த்தாள். உள்ளங்கையில் குத்தியது. மழைத்துளி விழுந்ததும் பாறை அதைக் குடித்துக் கறுத்தது.

காலையிலிருந்து அவள் மிதித்த பாறைகள் இப்படி இல்லையே! அவை வழவழவென்று இருந்தன. அதனால்தானே இரண்டு முறை சறுக்கினாள்?

"பச்சை, துண்ட அவுத்து ஒரு முனைய இறுக்கிப் புடிச்சிக்கோ. வுடாத. அமுதம், நீ பச்சை இடுப்பப் புடிச்சிக்கோ."

"எங்க போற?" அவன் முனையை இரண்டு கையாலும் பற்றினான்.

"எங்கயும் போவல. தேடறேன்."

துண்டின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, தனக்கொடி மண்டியிட்டுத் தவழ்ந்தாள். ஒரு கையை முன்னால் நீட்டித் தரையைத் தட்டிப் பார்த்த பிறகுதான் முழங்காலை நகர்த்தினாள். சொரசொரப்பு. முள்செடி. இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் கைக்கு எதுவும் அகப்படவில்லை. வெறும் காற்று. கீழிருந்து ஜில்லென்று வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே பின்னால் ஊர்ந்தாள்.

"கெடச்சிதா?"

"இல்ல. வேற பக்கம்."

இரண்டாவது பக்கம் பாறை சுவராக எழுந்து நின்றது. மூன்றாவது பக்கம் ஓர் இடுக்கு. துண்டு எட்டவில்லை. பச்சையப்பனும் அமுதமும் உட்கார்ந்தபடியே ஓர் அடி நகர்ந்து வந்தார்கள். இன்னும் ஓர் அடி. தனக்கொடி கையை நீட்டினாள்.

கை சர்ரென்று வழுக்கியது.

அவள் மெல்ல அங்கேயே தடவினாள். வழவழப்பு. விழுந்த மழைத்துளிகள் பாறைக்குள் இறங்காமல், சேப்பங்கிழங்கு இலைமேல் உருள்வதுபோல் உருண்டன. பாறையின் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ குளிரில் உறைந்திருந்தது. விரலால் வழித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"தோடு கெடச்சிதா?" என்று கேட்டான் பச்சையப்பன். கேலியாகச் சொல்ல நினைத்துத்தான் தொடங்கினான். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

"கெடச்சிது! நெய்யி! நேத்து வந்தவங்க சிந்துன நெய்யி! எங்க வழுக்குதோ அதான் பாதை. வாங்க!"

தனக்கொடி முன்னால். அவள் பிடித்த துண்டின் மறுமுனையில் பச்சையப்பன். அவன் இடுப்பைப் பிடித்தபடி அமுதம். மூன்று பேரும் நான்கு காலில் தவழ்ந்தார்கள்.

"கீழ போவலாம்" என்றான் பச்சையப்பன்.

தனக்கொடி யோசித்தாள். ஏறுகிற பக்கம் தடவினாள், இறங்குகிற பக்கமும் தடவினாள். ஏறுகிற பக்கம்தான் பிசுக்கு அதிகம். "உச்சி கிட்டத்துலதான் இருக்குது. மேல ஆளு இருப்பாங்க. அமுதத்துக்குக் குளிருது. மேலயே போவோம்."

நகம் பெயர்ந்தது. முழங்கால் சிராய்ந்தது. ஒரு முறை வழவழப்பு நின்று சொரசொரப்பு வந்தபோது, தனக்கொடி உடனே நின்றாள். பின்னால் வந்து, வழுக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, மறுபடியும் தவழ்ந்தாள். போகப் போகப் பாறை கறுத்தது. கையெல்லாம் கரி ஒட்டியது. நெய் வாசனை மூக்கை அடைத்தது.

திடீரென்று முன்னால் ஒரு பெரிய தொந்தி தெரிந்தது.

"அடப் பாவிங்களா!" மாமா மூன்று பேரையும் சேர்த்து வாரி அணைத்துக்கொண்டார். அவர்கள் குறுக்கே போனது தெரியாமல், முன்னால்தான் போகிறார்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே அவர் உச்சிக்கே வந்துவிட்டார். அங்கேயும் காணாமல் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. திட்ட நினைத்தார். காற்றுதான் வந்தது.

இரவெல்லாம் தீபம் எரிந்த பெரிய கொப்பரை இன்னும் சூடாக இருந்தது. அமுதத்தை அதன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். யாரோ ஒருவர் தன் கம்பளியைப் போர்த்திவிட்டார். அவள் உதடு மறுபடியும் சிவந்தது. உடனே மடியைத் தடவி மிச்ச உருண்டைகளை எண்ணினாள்.

தனக்கொடி முதுகுத் துணியை அவிழ்த்தாள். வாழையிலை கிழிந்திருந்தது. நெய் முதுகுச் சூட்டில் உறையாமல் அப்படியே இருந்தது. கொப்பரைக்குப் போகும் முன் அவள் குனிந்து, செம்பைச் சாய்த்து, பாதைப் பாறைமேல் ஒரு சொட்டு விட்டாள்.

"ஐயய்யோ! உங்கம்மா ஒரு சொட்டு குறையக் கூடாதுன்னாங்களே!" என்றாள் அமுதம்.

"இது நாளைக்கு வரவங்களுக்கு. செவலை ஒண்ணும் சொல்லாது."

மீதியைக் கொப்பரையில் ஊற்றினாள். ஏரியும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் வெள்ளை. மத்தியானத்துக்கு மேல்தான் மேகம் விலகியது. அதற்குள் மாமா அவர்களைப் பாதி மலை இறக்கிவிட்டிருந்தார். ஒரு கையில் பச்சையப்பனின் காது, மறு கையில் அவருடைய தடி.

திரும்பும் வழியில் சுங்கச் சாவடியில் அதே மீசைக்காரன் வண்டியை நிறுத்தினான். காலிச் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"இன்னா, மலைமேல ஏறுனீங்களா? இன்னா பாத்தீங்க?"

தனக்கொடி பச்சையப்பனைப் பார்த்தாள். எப்படியும் அவன் வாயிலிருந்து பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வரும் என்று காத்திருந்தாள்.

பச்சையப்பன் தலையைச் சொறிந்தான்.

"இவளோட குதிகாலு ரெண்டையும் பாத்தேங்க" என்றான். "வழி முழுக்க அது மட்டும்தான் தெரிஞ்சிது."

சேவகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அமுதம் சிரித்த சிரிப்பில் பொரி புரையேறியது. தனக்கொடி சட்டென்று இரண்டு கால்களையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். நான்கு நாள் ஆகியும் அவற்றில் நெய் வாசனை போகவில்லை.