பச்சை அங்கி மாமாக்கள்

"வீல்...!"

பெருக்க வந்த ஆயாவின் அலறலில் குழந்தைகள் கண் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

பெரிய டாக்டர் தன் அறையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து சேருவதற்குள் எல்லோரும் சேர்ந்து கொலைகாரனைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆறு வயதுக் குட்டி ஒருத்தியின் அப்பா! மாறுகண் ஆபரேஷனுக்குப் பிறகு மகளுக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிய, உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று பெரிய டாக்டரிடம் முந்தின நாள் கத்தித் தீர்த்தவர்.

குட்டி மட்டும் வேறு கதை சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் அந்த ரூம்லேர்ந்து பச்சை அங்கி மாமா ரெண்டு பேர் ஓடினாங்க. மூஞ்சிய மூடியிருந்தாங்க."

உதவி டாக்டர் சிரித்தார். இன்ஸ்பெக்டருக்கு ஏனோ அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"கண் தசையை இடம் மாத்தித் தைச்சிருக்கு சார். பழகற வரைக்கும் சில குழந்தைங்களுக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியும். ஓடினது ஒருத்தன்தான்."

இன்ஸ்பெக்டர் ஒரு விரலை நீட்டினார்.

"எத்தனை பாப்பா?"

"ரெண்டு."

அப்பாவின் முகம் வெளுத்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளிடம் இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்.

"நேத்தும் இப்படித்தான் தெரிஞ்சுதாம்மா?"

"இல்லீங்க. மத்தியானமே பெரிய டாக்டர் ஒரு கண்ணை மூடி பிளாஸ்திரி போட்டுட்டாரு. அப்புறம் எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது."

"எப்ப எடுத்தீங்க?"

"நாங்க எடுக்கலீங்க. காலைல இந்தச் சின்ன டாக்டர்தான் வந்து பிரிச்சாரு."

உதவி டாக்டரின் சிரிப்பு காணாமல் போனது.

இன்ஸ்பெக்டர் குட்டியின் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். மறுபடியும் அதே விரல்.

"இப்போ?"

"ஒண்ணு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"ஒத்தைக் கண்ணால பார்த்தா ஒண்ணு ஒண்ணுதான் டாக்டர். நேத்து பாப்பா பார்த்தது ரெண்டு ஆளை! கண் டாக்டர் உங்களுக்கா இது தெரியாது? தெரிஞ்சே ஏன் ஒருத்தனைக் கழிச்சீங்க?"

"நான் அடிக்கல சார்... மருந்துக்கடைக்காரன்தான் அடிச்சான்..."

அதற்குப் பிறகு அவர் வாயை மூடவே இல்லை. இரண்டு பேருமாகக் கலப்படச் சொட்டு மருந்தை வார்டுக்குள் விட்டார்கள். தையல் போட்ட பிஞ்சுக் கண்களில் சீழ் கட்டியது. பெரிய டாக்டர் மோப்பம் பிடித்துவிட்டார். ஆபரேஷன் அங்கியும் முகமூடியுமாக இருவரும் அவர் அறைக்குள் நுழைந்தார்கள். அதோடு அவர் கதை முடிந்தது.

அப்பா மகளை வாரி அணைத்துக்கொண்டார். அவளுக்குச் சரியாகிவிடுமா என்று இன்ஸ்பெக்டரிடமே கேட்டார், பாவம்.

"பாப்பாவுக்குக் கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு நர்ஸ் சொல்றாங்க. இந்த டாக்டருக்குத்தான் இனிமே எதைப் பார்த்தாலும் நடுவுல கம்பி கம்பியாத் தெரியும்!"