இணைந்தவை ஐந்து

வீட்டில் இருப்பது நாலு. அமலியின் போன், ஆபீஸ் லேப்டாப், மகள் ஜெனிட்டாவின் டேப், டிவி. புது வைஃபை பெட்டியின் ஆப்பைத் திறந்து பார்த்தால் மேலே ‘இணைந்தவை: 5’ என்று இருந்தது.

பெட்டியை மாட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாட்டியவர் வீரையன், ஒரத்தநாட்டு கேபிள்காரர், ஐம்பது வயதுக்காரர். மூன்று ஆன்டெனாவையும் நிமிர்த்திவிட்டு, வயக்காட்டுக்கு அந்தாண்டயும் அடிக்கும் என்று பெருமையாகச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

“பழைய பேரு, பழைய பாஸ்வேர்டே இருக்கட்டுமா பாப்பா? முன்னாடி சேந்ததெல்லாம் தானா வந்து புடிச்சுக்கும்.”

அமலி சரி என்றாள். நம்மூரில் யார்தான் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள்? பெட்டி மாட்டின நாளில் வைத்ததுதான் கடைசிவரைக்கும்.

வயலுக்கு நடுவில் ஒற்றை வீடு. டவர் எடுக்காது, வைஃபை இல்லாவிட்டால் போன் வெறும் கடிகாரம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஸ்பீடு போதவில்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். மூன்றாவது முறை சொன்னால் அவள் சென்னைக்குப் போக வேண்டும், ஒன்பது வயது ஜெனிட்டா ஹாஸ்டலுக்கு. அப்பா இல்லாத பிள்ளைக்கு அம்மாவையும் இல்லாமல் ஆக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அடுப்படி ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. ஊறின வைக்கோல் வாடையும் தவளைச் சத்தமும் சாயங்கால இருட்டோடு சேர்ந்து உள்ளே வந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டத்தில், கல்லறைத் திருநாளுக்காகப் போன வாரம் அவளே சுண்ணாம்பு அடித்த சிலுவை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. முன்னே பாஸ்வேர்டு வாங்கின எவனாவது ரோட்டில் போகிறான் போல என்று நினைத்துக்கொண்டு பட்டியலைக் கீழே தள்ளினாள்.

ஐந்தாவது வரியில் ‘சகாயம் போன்’ என்று இருந்தது. பக்கத்தில் சிக்னல் ஒரு கோடு.

சகாயநாதன் அவள் கணவன். மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்தப் போனும் அவனோடுதான் போனது.

அன்றைக்கும் இதே மாதிரி மழை. இடி இடித்ததும் அமலி வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். மழை விட்ட பிறகு மறுபடி மாட்ட மறந்து தூங்கிப்போனாள். அந்த நேரத்தில் மோட்டார் கொட்டகையில் அவனைப் பாம்பு கடித்திருந்தது. கொட்டகை வாசலில் நின்றால் வீட்டு வைஃபை ஒரு கோடு கிடைக்கும், அதை நம்பித்தான் அவன் போனை எடுத்திருக்கிறான். அவள் போய்ப் பார்த்தபோது போன் கையில் இருந்தது. அவளுக்கு எழுதின மூன்று மெசேஜ். மூன்றுக்கும் பக்கத்தில், போய்ச் சேரவில்லை என்கிற அந்தச் சின்னக் கடிகாரக் குறி. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. போனை அணைத்து, சவப்பெட்டியை மூடுமுன் ஜெபமாலை சுற்றின அவன் கைக்கு அடியில் சொருகிவிட்டாள். என்ன பாசம் என்று நாத்தனார் அழுதாள். பாசமெல்லாம் இல்லை, பயம். வளர்ந்த பிறகு ஜெனிட்டா அதைத் திறந்து படித்துவிட்டால், அப்பாவைக் கொன்றது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

கையில் இருந்த போன் கிணுங்கியது.

‘அமலி பாம்பு கடிச்சிடுச்சு.’

மறுபடி.

‘கொட்டகைல கெடக்கேன்.’

மறுபடி.

‘வா.’

மூன்றும் அவளுக்கு மனப்பாடம். ஒரு வருஷமாகக் கண்ணை மூடினால் தெரிகிற எழுத்துதான். நெட் கிடைத்ததும் தேங்கினது வந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அணைத்துப் புதைத்த போன் எப்படி உயிரோடு இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

இருந்தது மூன்றுதான். நாலாவது வந்தது.

‘இப்பதான் போவுது.’

அவள் விரல் தானாக ஆப்புக்குத் தாவியது. சிக்னல் இரண்டு கோடு. ஜன்னலில் சிலுவை தெரியவில்லை, மழை வலுத்துவிட்டது. வாய்க்கால் பக்கம் தவளைகள் ஒரே நேரத்தில் வாயடைத்தன. அப்புறம் வயலுக்குள் இந்தப் பக்கத் தவளைகள். அப்புறம் கொல்லையில்.

மூன்று கோடு.

எங்கேயோ இடி உருண்டது. அமலி ஹாலுக்கு ஓடினாள். சோபாவில் ஜெனிட்டா டேப்பைக் காதோரம் வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தாள். டிவிக்குப் பின்னால் கையை விட்டு பிளக்கைத் தேடும்போது போன் மறுபடி கிணுங்கியது.

‘புடுங்காத.’

பிடுங்கிவிட்டாள்.

பிளக் கையில் தொங்கியது. பெட்டியில் நாலு பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றும் அணையவில்லை. சேற்று வாடை. ஈரமும் நாள்பட்ட சுண்ணாம்பும் கலந்த வாடை. கொல்லைக் கதவு மூடித்தான் இருந்தது.

“ஜெனி, அத கீழ வை.”

பிள்ளை வைக்கவில்லை. அழவும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கையில் தொங்கிய பிளக்கைப் பார்த்தாள்.

“அன்னிக்கும் நீங்கதானாம்மா புடுங்குனீங்க? அப்பா கேக்கச் சொன்னாங்க.”

இல்லை என்று சொல்லத்தான் அமலி நினைத்தாள். பொய் சொல்ல ஒரு மூச்சு வேண்டும், அது வரவில்லை. ஜெனிட்டாவின் கண்ணில் அந்த மௌனம் இறங்குவது தெரிந்தது. இவ்வளவு நாளும் எதைப் புதைத்து வைத்தாளோ அது அந்தக் கண்ணில் வந்து உட்கார்ந்துவிட்டது.

போனில் அந்த ஐந்தாவது வரியின் சிக்னல் நிறைந்து நின்றது.

ஜெனிட்டா அம்மாவிடமிருந்து பார்வையைத் திருப்பினாள். சோபாவில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். அந்த இடத்தில் மெத்தை மெல்ல, ஒரு ஆள் கனத்துக்கு, அமுங்கியது. அதன் ஓரத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் தரையில் சொட்டத் தொடங்கியது.