ஏழாம் கட்டிலில் ஆள் உண்டு

வார்டுக் கம்ப்யூட்டரின் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தாயிற்று. பிறகு எங்கிருந்து வருகிறது இந்தப் பதில்?

கேரள எல்லையில், பாறசாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முன்னறைக் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்ரீகலா தனியாக உட்கார்ந்திருந்தாள். நோயாளிகள் எல்லோரும் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். மழையில் ஊறிய சுண்ணாம்பு வாடையும் டெட்டால் வாடையும்தான் மிச்சம்.

வார்டுக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, முன்னறைக்கு ஒன்று என்று தனித்தனிக் கம்ப்யூட்டர்கள். ஒன்றையொன்று கேட்டுப் பதில் வாங்கும்படி புரோகிராம் எழுதியவள் அவள்தான். கேட்பது யாரென்று பார்க்கக் கூடாது, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் வைத்த சட்டம் அவ்வளவுதான். பதிலும் இரண்டே சொல்: உண்டு, இல்லை. தமிழ் நர்சுக்கும் மலையாளத்து நர்சுக்கும் அது போதும்.

போன மாதம் அவள் புருஷன் சிவானந்தம் ஏழாம் கட்டிலில் செத்துப்போனான். அவன் பெயருக்கு நேரே ‘இல்லை’ என்று மாற்ற வேண்டியவள் அவள். கை வரவில்லை. பாவி மனசு, எப்படி வரும்? தினமும் முன்னறையிலிருந்து, ஏழாம் கட்டிலில் ஆள் உண்டா என்று வார்டுக் கம்ப்யூட்டரைக் கேட்பாள். ‘உண்டு’ என்னும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒற்றைத் தட்டில் சோறு போட்டுக்கொள்வாள்.

இன்று வார்டுக் கம்ப்யூட்டரையே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பழக்க தோஷம், கேட்டுவிட்டாள்.

உண்டு.

“அத்தான்… நீங்களாக்குமா?”

ஆளில்லாத வார்டில் இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது. வெறுங்கால் ஒன்று ஈரத் தரையில் பதிந்து, எடுத்து, மறுபடி பதிந்தது.

திரையில் கேள்வி வந்தது: ஸ்ரீகலா உண்டா?

அவள் கை போவதற்குள் முன்னறைக் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. உண்டு.

காலடி நெருங்கியது. மருந்து நெடி. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

ஐயோ, போதும். ஏழாம் கட்டிலுக்கு நேரே ‘இல்லை’ என்று அடித்தாள்.

சத்தம் அடங்கியது. அவளுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் பார்த்தாள். திரையில் ஏழாம் கட்டிலுக்கு நேரே இருந்த பெயர் அவளுடையது.

வாசலில் வாட்ச்மேன் நேசையன் குடையை மடக்கினார். “மக்கா ஸ்ரீகலா, உள்ள உண்டா?”

“உண்டு அண்ணா! இஞ்சதான் இருக்கேன்!”

அவள் முகத்துக்கு நேரே பார்த்தார். “ஆளு இல்ல” என்று முணுமுணுத்து, லைட்டையும் ஃபேனையும் அணைத்து, வெளியே பூட்டிக்கொண்டு போனார்.

இருட்டில் அவள் காதோரம், அதே மருந்து நெடியோடு யாரோ மெல்லச் சொன்னார்கள்.

“உண்டு.”