பேசுபவர் மூன்று

திரையில் மூன்றாவதாக ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அடுக்களை மேசையில் இருந்ததோ இரண்டே பேர்: யாகோமினாவும் அவளுடைய அப்பா க்ரைனும்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயதானவர்களின் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் அந்த மென்பொருளை நான்கு வருடமாகக் குழந்தையைப் போல வளர்த்து வருகிறவள் அவள். குரல்களைப் பிரித்து, பேசுபவர் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, பேசப் பேச எழுதிக்கொண்டே போகும். இன்று அவள் ஒன்று, அப்பா இரண்டு. ஆனால் அதற்கு ஒரு வியாதி உண்டு. எல்லோரும் வாயை மூடினால் தானாக எதையாவது எழுதிவிடும். "எங்க மாமியார் மாதிரி, ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாது" என்பான் ஆராய்ச்சிக் கூடத்தில் அவளோடு வேலை செய்யும் கெர்பன். அப்பா பேச்சை நிறுத்திய இடத்தில்தான் இப்போதும் அது எழுதியிருந்தது. பேசுபவர் 3: குளிருது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் கடல் கரையை உடைத்து ஊருக்குள் வந்த கதையை ஸேலாந்துக் கடலோரத்தில் அவள் கேட்காத கிழவர் இல்லை. பெற்ற அப்பா மட்டும் பிடி கொடுக்கவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை திடீரென்று சரி என்றார், ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. அதெல்லாம் ஆகாது என்றுவிட்டாள் மகள். பதிவு சுத்தமாக இருக்க வேண்டாமா? தூங்கும்போதுகூட அந்த வீட்டில் ரேடியோ நின்றதில்லை. அம்மா அதற்காகச் சண்டை போட்டே ஓய்ந்து போய்ச் சேர்ந்தாள். இன்று யாகோமினா அதை அணைத்தாள். சுவர்க்கடிகாரத்தை நிறுத்தினாள். குளிர்பெட்டியின் இணைப்பையும் பிடுங்கினாள். வீடு வாயடைத்துப் போனது. அப்பா வாயில் வைத்த பட்டை மணக்கும் போலஸ் ரொட்டியை விழுங்காமல் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு ஏழு வயது, தங்கை லேனாவுக்கு நாலு. மாடிப்படியில் தண்ணீர் ஏறிவர, இவர் மச்சுக்குள் தாவிவிட்டார். குப்புறப் படுத்து, மச்சுத் தரையின் திறப்பு வழியாகக் கையை நீட்டி, படியில் நின்ற அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு நிறுத்தினார்.

சொல்பவர் நிறுத்தினால் நடுவே வாயைத் திறக்கக் கூடாது என்பது அவளுடைய தொழிலில் முதல் பாடம். உண்மையான விஷயம் மௌனத்துக்குப் பிறகுதான் வரும் என்பார்கள். அவள் காத்திருந்தாள். ஜனவரி மாதத்து நாலு மணி வெளிச்சம் சன்னலில் சாம்பலாகிக்கொண்டு வந்தது, வெளியே கரைமேட்டை மூடுபனி மூடியிருந்தது, ஆறிப்போன காப்பியின் வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை, உப்பும் சேறும் கலந்த வாசனை, மெல்ல மெல்ல எழுந்து வந்தது.

பேசுபவர் 3: அண்ணா, கை வழுக்குது.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த வரி எவ்வளவு நிச்சயம் என்று மென்பொருள் நூற்றுக்கு மதிப்பெண் போடும். அப்பாவின் வட்டாரப் பேச்சு அதற்கு நாற்பதைத் தாண்டியதில்லை. இந்த வரிக்குத் தொண்ணூற்றொன்பது.

அப்பாவுக்குத் திரை தெரியாது, கண்ணில் புரை. ஆனாலும் கேட்டார். "அவ பேசுறத அதுவும் எழுதுதா?"

"யாருப்பா?"

"சத்தத்தப் போட்டுப் போட்டு அமுக்கி வெச்சிருந்தேன்மா, எழுபது வருஷத்துக்கு மேல. சத்தமில்லாம இருந்தா போதும், லேனா பேச ஆரம்பிச்சிடுவா." கோபமில்லாமல்தான் சொன்னார். "நீ எல்லாத்தையும் நிறுத்திட்ட."

அவள் மைக்கை உருவினாள். எழுத்து நிற்கவில்லை.

பேசுபவர் 3: இப்ப எட்டும். கைய குடு.

அப்பாவின் வலதுகை மேசைக்கடியில் இறங்கியது. அவராக இறக்கவில்லை. தோள் சரிந்தது. கன்னம் மேசை விளிம்பில் மோதியது. அவள் பாய்ந்து அவருடைய இடதுகையைப் பிடித்துக்கொண்டு, காலை மேசைக்காலில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். குனிந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. நாற்காலிக்குக் கீழே தரை இல்லை. தண்ணீர். கருப்பு. ஒரு சுழிப்புகூட இல்லை. அப்பாவின் கை முழங்கை வரை அதற்குள்.

ரேடியோ ஐந்தடி தூரத்தில். எழுந்தால் கையை விடவேண்டும். சத்தம்தானே வேண்டும்? கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவள் காதுக்கே கேட்கவில்லை. திரையில் பேசுபவர் ஒன்றின் பக்கம் வெறுமையாக இருந்தது.

நாற்காலி ஒரு பக்கம் அமிழ்ந்தது. அப்பாவின் மணிக்கட்டு அவள் பிடியிலிருந்து நழுவியது. உள்ளங்கையைப் பிடித்தாள். அதுவும் நழுவியது. விரல்கள். நாலு. மூன்று.

அவர் அவளையே பார்த்தார். உதடுகள் இறுக மூடியிருந்தன. முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

பேசுபவர் 2: விட்டுடும்மா.

தொண்ணூற்றொன்பது.

அவள் விடவில்லை. இரண்டு விரல்கள். அழுதுகொண்டே பிடித்திருந்தாள்.

பேசுபவர் 3: விடலேன்னா அவளும் வரட்டும்.

அவளுடைய கணுக்காலில், காலுறைக்கு மேலே, சின்னதாக, சில்லென்று, விரல்கள் ஒவ்வொன்றாக வந்து பதிந்தன.