ஒன்று ஐம்பதுக்கு விழித்த பெட்டி

மஜீட் மரைக்கார் கோபமாக நடந்து வந்தால் கல்முனைக்குடியில் கோழிகூட ஒதுங்கி வழிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர் அப்துல் ஸமடின் பெற்றரிக் கடைக்குள் நுழைந்தபோது, உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். ஸமட் மட்டும் எழவில்லை. அவர் கையில் அசிட் போத்தல் இருந்தது. அசிட்டை வைத்துக்கொண்டு மரியாதைக்கு எழும்புகிற ஆள் அவர் இல்லை.

எழுந்த இருவரில் ஒருவர் ஓட்டோ ஓட்டும் ஜவுபர். சவாரி இல்லாத நேரமெல்லாம் ஸமடின் கடையில்தான் இருப்பார். ஊரில் எது காணாமற்போனாலும், எது புரியாமற்போனாலும் சனங்கள் ஸமடிடம்தான் வந்து கேட்பார்கள். ஸமட் வாய் திறப்பதற்கு முன்னமே குற்றவாளியின் பெயரை ஜவுபர் சொல்லிவிடுவார். இதுவரை ஒரு முறையும் சரிவந்ததில்லை, அதனால் அவர் உற்சாகம் குறைந்ததுமில்லை.

மற்றவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் முகம்மது தம்பி. 'பள்ளி' என்று வெள்ளை மையால் எழுதிய பெற்றரி ஒன்று மூடி கழன்று ஸமடின் காலடியில் கிடந்தது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

"புதன்கிழம தந்தது ஸமட் காக்கா. வெள்ளிக்கிழம ஒருமாதிரிச் சமாளிச்சிட்டம். வாற வெள்ளிக்கும் அப்பிடி ஏலுமா?" என்று மரைக்கார் நுழையுமுன் கேட்டுக்கொண்டிருந்தவர், பேச்சோடு பேச்சாகத் தான் உடுத்திருந்த சாரனையும் தூக்கிக் காட்டியிருந்தார். "இதப் பாருங்களன். புதுச் சாரன். நேத்துக் கழுவி எடுத்தா இந்தக் கோலம். எலி கடிச்சிரிக்கி."

முழங்காலுக்கு மேலே பொட்டுப் பொட்டாக ஏழெட்டு ஓட்டைகள்.

"சவுக்காரத்த மாத்துங்க மோதினார்" என்றார் ஜவுபர். ஸமட் சாரனை ஒரு தரம் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பெற்றரியைத் தருவதாகச் சொன்னார். மரைக்காரைக் கண்டதும் மோதினார் ஸலாம் சொல்லிப் புறப்பட்டுப் போனார்.

"ஸமட், ஒரு ஞாயம் கேட்டு வந்திரிக்கன்" என்றார் மரைக்கார். "அந்தக் கொம்பியூட்டர்ப் பொடியன் குணம் என்ட தலையில கட்டின பெட்டி குப்பையெண்டு ஒரு சொல்லுச் சொல்லு. இண்டைக்கு அவனக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுக்கப் போறன். கரண்ட் தெரிஞ்ச ஆள் நீ, சாட்சிக்கு நிக்கணும்."

விஷயம் ஊருக்குத் தெரிந்ததுதான். மரைக்கார் தன் வீட்டு முன்னறையில் தொலைபேசி நிலையம் நடத்துகிறார். ஆறு மாதத்துக்கு முன் அங்கே ஒரு கொம்பியூட்டரும் வந்து சேர்ந்தது. கட்டாரிலும் சவூதியிலும் இருப்பவர்கள் எழுதும் கடிதங்கள் கொழும்பிலுள்ள ஒரு பெரிய கொம்பியூட்டருக்கு வரும். அது தினமும் பகல் ஒரு மணிக்கு மரைக்கார் வீட்டுத் தொலைபேசிக்குத் தானாகக் கோல் எடுத்து, அன்றைய கடிதங்களைக் கொட்டிவிட்டுப் போகும். அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பது மரைக்காரின் வேலை. அந்த ஒரு மணிக்குப் பெட்டி விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, மின்வெட்டுக் காலம். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை ஊரில் கரண்ட் கிடையாது.

"பெரிய பெட்டி வாங்குவமெண்டு நான் சொன்னன்" என்றார் மரைக்கார். "பாண்டிருப்பிலருந்து வந்த அந்தப் பொடியன் கேக்கல்ல. 'ஹாஜியார், எப்பவும் விழிச்சிருக்கிற சாமானுக்கு வேகம் தேவையில்ல, சாப்பாடு குறைய இருந்தாச் சரி' எண்டு கதைச்சி, புத்தகம் மாதிரி மடிக்கிற பழைய ஒண்டக் கொண்டுவந்து வெச்சான். கார் பெற்றரியில ஓடுமாம். ஓடின லெச்சணம்! வெள்ளிக்கிழம ஒரு மணிக்குக் கொழும்பு கோல் எடுத்திரிக்கி, இது எடுக்கல்ல. அதிலதான் மருமகன் முர்ஷித்ட விசா நம்பர் இருந்திச்சி. நேத்து அவன்ட கூடப்பிறந்த காக்கா டோஹாவிலருந்து போன்ல 'நம்பர் கிடைச்சிதா' எண்டு கேக்கக்குள்ள லைன் கட். இனி ஒரு கிழமைக்கு அவரப் பிடிக்க ஏலாது, வேல பாலைவனத்தில. செவ்வாய்க்கிழமைக்குள்ள ஏஜென்சியில நம்பர் குடுக்காட்டி விசா வேற ஆளுக்குப் போயிரும்."

"கரண்ட் இல்லாததால நிண்டிருக்கும்" என்றார் ஜவுபர்.

"அதான் இல்ல! ஜும்ஆத் தொழுக முடிஞ்சி வந்து, சாப்பிட்டுப் பார்க்கக்குள்ள பெட்டியில லைட் எரியிது. கரண்ட் இன்னும் வரல்ல. தொறந்து பார்த்தன். சுவர் மணிக்கூட்டில சரியா மூணு. இந்தக் கழுதையில ஒண்டு பத்து, அதுவும் ராவு! வருசம் ஆயிரத்தித் தொளாயிரத்தி எண்பது! பதினாறு வருசம் பின்னுக்கு நிக்கிற சாமான வெச்சி என்ன செய்யிற? அண்டைக்குப் பின்னேரமே நிப்பாட்டி, துணியால மூடி வெச்சிட்டன். தேத்தண்ணிக் கடையிலயும் சொல்லிட்டன், அவன் கள்ளன், ஒருத்தரும் அவனிட்ட வாங்காதீங்க எண்டு. ஆள் வெச்சிப் பெரிய பெட்டியும் எடுப்பிச்சாச்சி, பகலைக்கு வரும்."

ஸமட் போத்தலை மூடினார். "வெள்ளிக்கிழம பள்ளியில குத்பாப் பிரசங்கம் கேட்டிச்சா மரைக்கார்?"

"என்ன கேள்வி இது? மணி மாதிரிக் கேட்டிச்சி. கடைசி வரிசைக்கும் கேட்டிச்சி."

"சரி" என்றார் ஸமட். "பெட்டியப் பாக்காமச் சாட்சி சொல்ல மாட்டன். குணத்தையும் வரச் சொல்லுங்க. ஒரு மணிக்கு முந்தி முடிச்சிரலாம்."

ஓட்டோவில் ஏறியதுமே ஜவுபர் தொடங்கிவிட்டார். "காக்கா, முர்ஷித்தான்! கலியாணம் முடிச்சி ரெண்டு மாசம். புதுமாப்பிள்ளைக்கு டோஹா போக மனம் வருமா? பெட்டிய நிப்பாட்டிட்டான்."

"வெள்ளிக்கிழம ஜும்ஆவில முர்ஷித் எங்க இருந்தான்?"

ஜவுபரின் முகம் விழுந்தது. "எனக்குப் பக்கத்திலதான்." பத்து யார் தூரம் ஓடியதும் மறுபடி நிமிர்ந்தார். "அப்பக் குணம்! ஊர் ஆம்பிளையெல்லாம் பள்ளிக்குள்ள. பள்ளிக்குப் போகாத ஆள் அவன் ஒருத்தன்தானே!"

"அவன் வித்த சாமான அவனே கெடுத்து, அவன்ட பேர அவனே நாசமாக்கினானா? ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் ஸமட்.

குணம் அவர்களுக்கு முன்னமே வந்து வாசலில் நின்றான். மெலிந்த ஆள், இருபத்தேழு வயது. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"அண்ணே, என்னைத் தொடவே விடல்ல" என்று ஸமடிடம் சொன்னான். "காரைதீவில ஒரு ஒபிஸ், இங்க ரெண்டு கடை, மூண்டு இடத்திலயும் இதே மாதிரிச் சின்னப் பெட்டி கேட்டிருந்தாங்க. நேற்று மூண்டு பேரும் வேண்டாமெண்டு ஆள் அனுப்பிட்டாங்க. சாமான் பழுதெண்டாச் சொல்லட்டும், நான் திருத்துவன். கள்ளன் எண்டு சொன்னா நான் எதத் திருத்துற?"

அந்தக் குரலைக் கேட்டு ஜவுபருக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஸமட் அவன் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் அவர் அறைக்குள் போகவில்லை, வீட்டின் பக்கச் சுவரோரம் போனார். கூரைத் தாழ்வாரத்தில் தகரம் சாத்தி, அதற்குள் பெற்றரி இருந்தது. அசிட் மணம் வீட்டுக்குள் வரக்கூடாதென்று அங்கே வைத்திருந்தார்கள். அதிலிருந்து வயர் சன்னல் வழியாக உள்ளே போனது. தகரத்துக்குக் கீழே சீமெந்தில் இரண்டு வெளிறிய பொட்டுகள் இருந்தன. ஸமட் குனிந்து அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து பெட்டியை ஓடவிடச் சொல்லி, கொண்டுவந்த அம்பியர் மீற்றரை வயரில் மாட்டினார். முள் ஒன்றரை அம்பியரில் நின்றது.

"பன்னிரண்டு வோல்ட் பெற்றரி, அப்பப் பதினெட்டு வோட்" என்றார். "வீட்டு பல்ப் ஒண்டுக்கும் கீழ. இந்தப் பெற்றரியில ஒரு பகலும் ஒரு ராவும் தாராளமா ஓடும். குணம், இதுக்குள்ள மணிக்கூட்டுக்கு வேற பெற்றரி இரிக்கா?"

"இருந்தது செத்துப்போச்சு அண்ணே. வாங்கக்குள்ளயே ஹாஜியாரிட்டச் சொன்னனான். கரண்ட் முழுசா அறுந்து திரும்ப வந்தா, பெட்டி தானா ஓடத் தொடங்கும். ஆனாத் திகதி மறந்துபோகும். எண்பதாம் ஆண்டு முதலாம் திகதி, ராவு பன்னிரண்டு மணி எண்டுதான் எண்ணத் தொடங்கும்."

"சொன்னான்தான்" என்று மரைக்கார் முணுமுணுத்தார். "நான் அதக் காதில போட்டுக்கல்ல."

அந்த நேரம் வாசலில் ஒரு கைவண்டி வந்து நின்றது. அதில் அலுமாரி அளவில் ஒரு கொம்பியூட்டரும், அதைவிடக் கனமான ஒரு திரையும் இருந்தன. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டு அடித்தது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கரண்ட் போய்விட்டது. மேசையில் சின்னப் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது.

"மரைக்கார், இருங்க" என்றார் ஸமட். "ஜவுபர், மோதினாரக் கூட்டிட்டு வா."

லுஹர் என்ற பகல் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. ஐந்து நிமிடத்தில் மோதினார் வந்து சேர்ந்தார். முர்ஷித்தும் உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றான். ஸமட் குரலை உயர்த்தாமல், பெற்றரி விலை சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார்.

"வெள்ளிக்கிழம மூணு மணிக்கு இந்தப் பெட்டி ஒண்டு பத்துக் காட்டியிரிக்கி. பன்னிரண்டில எண்ணத் தொடங்கினது. எழுவது நிமிசம். மூணிலருந்து எழுவது நிமிசம் பின்னுக்குப் போனா என்ன மணி?"

"ஒண்டு ஐம்பது" என்றான் முர்ஷித்.

"ஒண்டு ஐம்பதுக்கு இது திரும்ப விழிச்சிரிக்கி. அப்பக் கரண்ட் இல்ல, நாலுக்குத்தான் வந்திச்சி. செத்த பெற்றரி சார்ஜ் ஏத்தாமத் தானா உயிர்க்காது. பெட்டி பழுதெண்டா ஒழுங்கா எண்ணியிராது. மிச்சம் ஒண்டுதான். யாரோ பெற்றரியக் கழட்டிக் கொண்டுபோய், ஒண்டு ஐம்பதுக்குத் திரும்பக் கொண்டுவந்து பூட்டியிரிக்காங்க. தூக்கக்குள்ள அசிட் கொஞ்சம் சிந்தியிரிக்கி. சீமெந்தில பொட்டு இரிக்கி."

"என்ட பெற்றரியக் களவெடுத்தவன் யாரு?" மரைக்கார் எழுந்துவிட்டார்.

"களவெடுத்தவன் திருப்பிப் பூட்டிட்டுப் போகமாட்டான். அண்டைக்கு ஒண்டேகாலுக்குத் தொழுக முடிஞ்சி, ஒண்டரைக்கு எல்லாரும் சோத்துக்கு முன்னால. ஒண்டு ஐம்பது வரைக்கும் வீட்டுக்குப் போகாத ஆள் யாரு? கடைசியாப் பள்ளியப் பூட்டிட்டுப் போற ஆள். பள்ளிப் பெற்றரி புதன்கிழமையிலருந்து என்ட கடையில மூடி கழண்டு கிடக்கு. கரண்ட் இல்லாத பகல் பன்னிரண்டரைக்குக் குத்பா மணி மாதிரிக் கேட்டிச்சி எண்டீங்களே மரைக்கார், பள்ளி மைக்குக்கு எங்கருந்து கரண்ட் வந்திச்சி?"

அறையிலிருந்த எல்லாக் கண்களும் மோதினாரின் சாரனில் வந்து நின்றன.

"அது எலி இல்ல மோதினார்" என்றார் ஸமட். "அசிட் துளி பட்ட இடம் உடன தெரியாது. கழுவினாப் பிறகுதான் ஓட்ட விழும். என்ட சாரனெல்லாம் இப்பிடித்தான்."

முகம்மது தம்பி மோதினார் ஓட்டை விழுந்த இடத்தைக் கையால் மூடினார். "நான்தான் எடுத்தன், அல்லாஹ் மேல ஆண! ஒளிச்சி எடுக்கல்ல. வயருக்குப் பின்னால கொம்பியூட்டர் இரிக்கிறது எனக்குத் தெரியாது ஹாஜியார். லைட்டுக்கு வெச்சிரிக்கீங்க எண்டு நெனச்சன். நோன்புப் பெருநாளண்டைக்கு ஜமாஅத்துக்கு முன்னால நீங்கதானே சொன்னீங்க, 'பள்ளிக்குத் தேவையெண்டா என்ட வீட்டுச் சாமான் எதையும் கேக்காம எடுங்க, கேட்டாத்தான் எனக்குக் கோபம் வரும்' எண்டு. அதான் கேக்கல்ல."

மரைக்கார் மெதுவாக உட்கார்ந்தார். ஊரே பயப்படும் அந்த முகம் சின்னதாகிப் போயிருந்தது.

"வெள்ளிக்கிழம ஒரு மணிக்கு எடுக்காத கடிதத்தக் கொழும்புப் பெட்டி என்ன செய்யும் குணம்?" என்று ஸமட் கேட்டார்.

"மூண்டு நாள் வெச்சிருக்கும் அண்ணே. ஒரு நாளைக்கு ஒருக்கா, ஒரு மணிக்கு. பிறகு அனுப்பின ஆளுக்கே திருப்பிடும்."

"வெள்ளிக்கிழம பெற்றரி பள்ளியில. நேத்துப் பெட்டி துணிக்குள்ள, நிப்பாட்டினது நீங்கதான் மரைக்கார். இண்டைக்கு மூணாவது நாள். வாசல்ல நிக்கிற பெரிய பெட்டிய இப்ப ஓடவிடக் கரண்ட் இல்ல. இந்தப் பெற்றரியில பூட்டினாலும் அதுவும் அதிட திரையும் ரெண்டு மணித்தியாலம் தாங்காது, வெட்டு நாலு மணித்தியாலம். எத வெச்சிரிக்கப் போறீங்க?"

மரைக்கார் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபோதும் அந்தப் பார்வை மாறவில்லை. முர்ஷித் நகம் கடித்தான். ஜவுபர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சரியாக ஒரு மணிக்குத் தொலைபேசி ஒருதரம் கிணுங்கியது. சின்னப் பெட்டி அதை எடுத்தது. கிறீச்சென்று கத்தி, கரகரத்து, பிறகு அமைதியானது. திரையில் வரி வரியாக எழுத்து ஓடியது. குணம் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு தாளில் விசா நம்பரை எழுதி முர்ஷித்திடம் நீட்டினான். முர்ஷித் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஜவுபர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற கைவண்டிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"அதத் திருப்பிக் கொண்டுபோ" என்று அவனிடம் சொன்னார் மரைக்கார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஜவுபர், ஓட்டோவ எடு. குணம், நீயும் ஏறு."

"எங்க ஹாஜியார்?"

"தேத்தண்ணிக் கடைக்கு. சொன்ன இடத்திலதான் திருப்பிச் சொல்லணும்."

கடையில் பகல் கூட்டம் நிறைந்திருந்தது. மரைக்கார் குணத்தின் கையைப் பிடித்தபடி நடுவில் போய் நின்றார். எல்லோரும் குடித்துக்கொண்டிருந்த பிளேன் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழம இந்த இடத்தில இவரக் கள்ளன் எண்டு சொன்னன்" என்றார். குரல் கடைசி மேசைக்கும் கேட்டது. "இவர் தந்தது தங்கமான சாமான். பழுது பெட்டியில இல்ல, என்ட வாயிலதான் இருந்திச்சி. நேத்து இவரிட்ட வேண்டாமெண்டு ஆள் அனுப்பினவங்க இங்க இருந்தா, எழும்பி வந்து திரும்பக் கேளுங்க."

 சுவரோர மேசையிலிருந்து, நேற்று வேண்டாமென்று ஆள் அனுப்பிய கடைக்காரர்களில் ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.