கஜபதிக்குக் கண்ணீர் அஞ்சலி

"ஐயோ... நான் செத்துட்டேன்!"

திருமுல்லைவாயிலில் போஸ்டர் அச்சகம் நடத்தும் கஜபதி போட்ட அலறலில், வாசலில் நின்ற ஆட்டோக்காரர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

அலறியவர் உயிரோடுதான் இருந்தார். கம்ப்யூட்டர் திரையில்தான் விவகாரம்!

கண்ணீர் அஞ்சலி. கொட்டை எழுத்து. நடுவில் மாலையோடு கஜபதி. 'மறைவு' என்பதற்கு எதிரே தேதி மட்டும் காலி! கீழே அவரைவிடப் பெரிதாக, கைகூப்பியபடி மச்சான் கிருபாகரன்... மனைவி ரேணுகாவின் தம்பி. ஆவடியில் டிசைன் கடை வைத்திருப்பவன்.

"யாரும்மா இத அனுப்புனது?"

டிசைனர் அகல்யா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "கிருபாகரன் சார்தான். உங்களுக்குத் தெரியாம அடிச்சு வைக்கச் சொன்னாரு. காலையிலேர்ந்து திறக்கவே இல்ல சார்! இது பிஎஸ் ஃபைல். படம் கிடையாது... எதை எங்க வரையணும்னு வரிசையா கட்டளைங்க. பார்க்கிற சாஃப்ட்வேர் மட்டும் போட்டேன், வெறும் வெள்ளையா வந்துச்சு. கட்டளையைப் படிச்சு வரையிறதைத் தனியா போடணுமாம். இப்பதான் போட்டேன். பேரு கோஸ்ட்ஸ்க்ரிப்ட்."

"பேயா? கரீக்டாதான் வெச்சிகீறானுங்க!"

"இருங்க சார், அது இன்னும் வரைஞ்சு முடிக்க..."

டப்!

கரண்ட் போனது. யுபிஎஸ் எப்போதோ மண்டையைப் போட்டிருந்தது.

கஜபதிக்கு உயிர் பயம்! போனை எடுத்தார்.

"இன்னா மச்சான்... எனக்கு என்னிக்குத் தேதி குறிச்சிகீறே?"

மறுமுனையில் சிரிப்பு. "அட, தெரிஞ்சுபோச்சா மாமா? நாளைக்குத்தான்!"

"நா... நாளைக்கா! உங்கக்காவுக்குத் தெரியுமா?"

"ஐடியாவே அக்காவோடதுதான்! ஊரையே கூப்ட்டாச்சு. பிரியாணிக்குச் சொல்லியாச்சு. நீ மாலையப் போட்டுகினு கம்முனு இருந்தா போதும்."

போன் கைநழுவி விழுந்தது.

"கட்டுன பொண்டாட்டியே... அகல்யா! போலீஸுக்குப் போனப் போடு!"

கரண்ட் வந்தது. கூடவே சாப்பாட்டு கேரியரோடு ரேணுகாவும் வந்தாள்!

கஜபதி சுவரோடு ஒட்டிக்கொண்டார். "கொழம்புல இன்னாத்த கலந்துகினு வந்தே?"

"புளிதான். ஏன்யா?"

"சார்... இங்க பாருங்க!" அகல்யா மறுபடி ஃபைலைத் திறந்திருந்தாள்.

முதலில் அஞ்சலி வந்தது. அப்புறம் எழுத்துகள்மீது மட்டும் பொத் பொத்தென்று வெள்ளைக் கட்டங்கள் விழுந்தன. அவற்றின் மேல் புது எழுத்து...

'அறுபதாம் பிறந்தநாள் காணும் எங்கள் மாமா கஜபதி!'

"பழசை அழிக்காம மேலயே வெள்ளையடிச்சு எழுதியிருக்காரு சார்!"

அப்பாடா! கஜபதி நாற்காலியில் சரிந்தார். சரிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார்.

"இரு இரு... அப்போ அடியில கீற பழசு?"

ரேணுகா முந்தானையைத் திருகினாள்.

"போன வருசம் டெங்குல ஐசியூல கெடந்தியே..."

"அதுக்குள்ள போஸ்டரா?"

"பின்ன? இந்த ஏரியாவுல எவன் செத்தாலும் உடனே போஸ்டர் அடிக்கிற ஒரே ஆளு நீதான். நீயே படுத்துகினா உனக்கு யாரு அடிப்பா? அதான் தேதிய மட்டும் வுட்டுட்டு தம்பிகிட்ட ரெடி பண்ணச் சொன்னேன். அழுதுகினேதான்யா சொன்னேன்!"

நிஜமாகவே அவள் கண் கலங்கியது.

"சார்... பழசை அழிச்சிடவா?" என்றாள் அகல்யா.

கஜபதி திரையை உற்றுப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும், என்னிக்காச்சும் உதவும். மொதல்ல மச்சான் போட்டோவச் சின்னதாக்கு... நான் பொறந்தாலும் செத்தாலும் அவன்தான் பெருசா கீறான்!"